புதுசைவிட மேல்

"'புதுசைவிட மேல்'னு இந்த அட்டையில எழுதினது யாருடா? உங்கப்பனா?"

"கத்தாதே ஹோபர்ட். எழுதினது கடைக்கார வெர்லின். இப்ப உன் முன்னால நிக்கறது சங்கத்தோட கருவிக் குழுத் தலைவர் வெர்லின். அவரு எழுதினதுக்கு இவரு பொறுப்பாக முடியாது."

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே இருக்கு? எந்தக் கன்னம் தலைவரோடதுன்னு காட்டிடு. தப்பான ஆளை அறைஞ்சிடக் கூடாது பாரு."

நான் அப்போது என் பூப்பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் கடைசியில், இரண்டு முறை உறைபனி விழுந்த பிறகு, மான்டானாவில் எந்தப் பாத்தியிலும் களை மிஞ்சியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் என் வீட்டுக்கு இடப்பக்கம் ஹோபர்ட் லின்ட்கிவிஸ்ட் வீடு; வலப்பக்கம் வெர்லின் ஸ்ட்ரவுட்டின் வீடும் துப்பாக்கிப் பட்டறையும். அவர்கள் இருவரும் சண்டை போடும்போது நடுவில் இருப்பவள் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். வெறுங்கையோடு நின்றால் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது.

அதுவரை அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஹோபர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வெர்லின் துப்பாக்கி பழுது பார்ப்பவர். முப்பது வருடமாக ஒருவர் வீட்டுக் காப்பியை இன்னொருவர் குடித்து, நன்றாயில்லை என்று சொல்லி, மறுபடி குடித்து வளர்ந்த நட்பு. வெர்லினுக்கு ஒரு பழக்கம். எந்த வேலையை முடித்தாலும் ஒரு சின்ன அட்டையில் பென்சிலால் 'புதுசைவிட மேல் – வெ.ஸ்.' என்று எழுதி நூலில் கட்டித்தான் கொடுப்பார். என் இறைச்சி அரைக்கும் இயந்திரத்துக்குக்கூடக் கட்டினார். அது புதிதாக இருந்தபோது இவ்வளவு சத்தம் போட்டதில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஊரில் மற்ற எல்லோரிடமும் சொன்னேன்.

சண்டையின் வேர் எங்கள் சங்கத்தில் இருக்கிறது.

டூ ஆல்டர் ஊர் வேட்டை மீன்பிடிப் பாரம்பரியச் சங்கத்தில் அறுபத்திரண்டு உறுப்பினர்கள். பதினோரு குழுக்கள். வேட்டை ஒழுங்குக் குழு, மீன் வறுவல் குழு, குழுக்களைக் கண்காணிக்கும் குழு. சங்கத்துக்கு ஆற்றோரம் ஒரு சதுர மைல் நிலம் உண்டு. அக்டோபரில் பெரிய கொம்பு எல்க் மான்கள் மலையிலிருந்து அங்கேதான் இறங்கும். அதில் ஒரு வாரத்தைக் 'கைத்துப்பாக்கி வாரம்' என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வாரம் ஒரே ஒருவர், தனியாக, கைத்துப்பாக்கியோடு மட்டும் உள்ளே போகலாம். அந்த ஒருவர் ஆவதற்குக் காத்திருப்புப் புள்ளி வேண்டும். கேட்டுக் கிடைக்காத ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி. யாருக்கு எத்தனை என்பது சங்கச் சுவரில், யார் எந்த வெள்ளிக்கிழமை ஆப்பிள் பைப் பலகாரம் சுட்டுக்கொண்டு வர வேண்டும் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஹோபர்ட்டுக்குப் பதினேழு. அடுத்தது வெர்லின், பதினாறு.

அந்த ஜூலையில் ஹோபர்ட்டின் பெயர் அறிவிக்கப்பட்டது. அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதற்கு முந்தின வருடம் தோளில் அறுவை செய்து ஆணி வைத்திருக்கிறார்கள். ரைபிளைத் தோளில் முட்டுக் கொடுத்து இனி அவரால் சுட முடியாது. இரண்டு கையாலும் பிடித்துச் சுடும் ரிவால்வர்தான் அவருக்கு மிச்சம். அதனால் இந்த வாரம் கைவிட்டுப் போனால் மறு வாரம் இல்லை. இதில் சங்கச் சட்டம் வேறு: பெயர் அறிவிக்கப்பட்டாலே முறை வந்ததாக அர்த்தம். முறை வந்தால் புள்ளி தீர்ந்தது. போனாலும் சரி, போக விடாமல் தடுக்கப்பட்டாலும் சரி, அடுத்த வருடம் சுழியத்திலிருந்து. பதினேழு வருடம் கழித்து ஹோபர்ட்டுக்கு எண்பத்தைந்து ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவரேதான்.

அவரிடம் இருந்த ரிவால்வர் மகா மட்டம். விசையை அழுத்தினால் நாக்கு வெளியே வந்துவிடும். இருபத்தைந்து தப்படியில் குண்டு ஒரு முழம் இடப்பக்கம் போகும். "குடுடா, நான் பாத்துக்கறேன்" என்று ஆகஸ்ட்டில் வீடு தேடி வந்து வாங்கிப் போனவர் வெர்லின்தான். மூன்று வாரம் வைத்திருந்தார். விசையை இழைத்தார், உருளையைச் சரிசெய்தார், குழல் நுனியில் புதுக் குறிமுள் வைத்தார். ஹோபர்ட்டின் உள்ளங்கையை மாவில் அழுத்தி அச்சு எடுத்து, அதற்கேற்ப வால்நட் மரத்தில் புதுப் பிடி செதுக்கினார். மரம் ஹோபர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பலகை. அவர் மனைவி இருந்தவரை விருந்தாளி வந்தால் நடுவில் செருகும் பலகை. இப்போது விருந்தாளி யார், நானும் வெர்லினும்தானே என்று அவரே கழற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்த ரிவால்வரை ஹோபர்ட் தன் டிரக்கில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். குண்டை வெடிக்கவைக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் நாலு 'க்ளிக்' கேட்கும் பாருங்கள், பழைய மாதிரித் துப்பாக்கி, அந்த நாலும் நாலு முத்து மாதிரி வரிசையாக விழும். உணவு விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதுக்கெல்லாம் கொண்டு போய்க் கேட்கவைத்தார். "வெர்லின் வேலை! அட்டையைப் பாருங்க!" அட்டையை அவிழ்க்கலாமா என்று என்னிடம் கேட்டார். அழகாக இருக்கிறது, இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு சங்கச் சுவரில் ஓர் அறிவிப்பு வந்தது. கைத்துப்பாக்கி வாரத்துக்கான ஆயுதம் 'செய்தவன் கையிலிருந்து வந்தபடி' இருக்க வேண்டும். பழுது பார்த்திருக்கலாம். மேம்படுத்தியிருக்கக் கூடாது. திரு. லின்ட்கிவிஸ்ட்டின் ரிவால்வர் மேம்படுத்தப்பட்டதாகச் சந்தேகம். விசாரணை வெள்ளிக்கிழமை, மீன் வறுவலுக்குப் பிறகு. ஒப்பம்: வெர்லின் ஸ்ட்ரவுட், கருவிக் குழுத் தலைவர்.

இதைப் படித்துவிட்டு வந்துதான் ஹோபர்ட் பட்டறை வாசலில் நின்று கத்தினார்.

"ஆகஸ்ட்ல நீயாத்தானே வந்து வாங்கிட்டுப் போனே? அப்ப இந்தச் சட்டம் உனக்குத் தெரியாது?"

"ஆகஸ்ட்ல நான் கடைக்காரன். கடைக்காரனுக்குச் சட்டம் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை."

"நான் போகலேன்னா அடுத்து யாரு போவாங்க?"

வெர்லின் தன் செருப்பைப் பார்த்தார். "அதைப் புள்ளிக் குழுதான் சொல்லணும். என் துறை இல்லை."

உள்ளேயிருந்து அவர் மனைவி மேவிஸ் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். யாரைப் பார்த்துச் சாத்தினாள் என்று அன்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு மீன் வறுக்கும் முறை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பரிமாற ஒரு ஜன்னல் உண்டு. அதில் நின்றால் எல்லாம் கேட்கும். அன்று நான் கருகவிட்ட மீனுக்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் ரஸ்ஸல் கெட்டரிங் டயர் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். எழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நண்பர்களே, பாரம்பரியம்னா என்ன? நம்ம தாத்தாங்க மோசமான துப்பாக்கி வச்சிருந்தாங்க. குறி தப்பினாங்க. பசியோட வீட்டுக்கு வந்தாங்க. அந்தப் பெருமையை நாம காப்பாத்த வேண்டாமா? நல்ல துப்பாக்கியை வச்சுக்கிட்டு யாரு வேணும்னாலும் மான் சுடலாம். அதுக்கு எதுக்கு ஒரு சங்கம்?"

பலத்த கைதட்டல். சங்கச் செயலாளர் வில்மா டேகட் 'பலத்த கைதட்டல்' என்று எழுதிக்கொண்டாள். அவள் எதையும் விடமாட்டாள்; யாராவது தும்மினால் அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் வந்துவிடும்.

பிறகு விசாரணை. கருவிக் குழுத் தலைவர் வெர்லின் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். "சாட்சியைக் கூப்பிடறேன். பட்டறைக்காரர் வெர்லின் ஸ்ட்ரவுட்" என்றார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பையிலிருந்து, பட்டறையில் உடுப்புக்கு மேல் கட்டும் தோல் முன்கட்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். சுற்றி வந்து எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார், முன்கட்டை அவிழ்த்தார், மறுபடி போய்த் தொப்பி போட்டார்.

"நீங்க இந்த ரிவால்வர்ல வேலை செஞ்சீங்களா?"

நடந்து வந்தார். முன்கட்டு. "செஞ்சேங்க."

நடந்து போனார். தொப்பி. "அது பழுதா, மேம்பாடா?"

நடந்து வந்தார். "ஐயா, நாப்பது வருஷத் தொழில். நான் கை வச்சு ஒரு சாமான் மேம்படாம போனதில்லைங்க."

"சாட்சி நேர்மையானவரா தெரியறாரு" என்றார் கருவிக் குழுத் தலைவர், திரும்பிப் போய்த் தொப்பிக்கடியிலிருந்து. வில்மா எழுதிக்கொண்டாள்.

ஹோபர்ட் எழுந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தொப்பிக்காரரையா, முன்கட்டுக்காரரையா?"

"படிவம் பதினாலு நிரப்பினா யாரை வேணும்னாலும் கேக்கலாம்" என்றார் ரஸ்ஸல்.

படிவம் பதினாலின் பெயர் 'மேம்படவில்லை உறுதிமொழி'. மூன்று பிரதி. ஹோபர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "'ஆயுதத்தின் பாகங்கள் அனைத்தும் செய்த நிறுவனத்தினுடையவையா?'"

"இந்தப் பிடி கம்பெனியோடதா?" என்று ரஸ்ஸல் ரிவால்வரைக் கையிலெடுத்துக் கேட்டார்.

"இல்லீங்க. எங்க சாப்பாட்டு மேசை."

"மேசை யாரு செஞ்சது?"

"தெரியாதுங்க. என் பொண்டாட்டி கல்யாணத்தப்ப கொண்டு வந்தது."

"சம்சாரத்துக்குத் துப்பாக்கி செய்யற உரிமம் இருந்துச்சா?"

யாரோ சிரித்தார்கள். ஹோபர்ட் சிரிக்கவில்லை. அவர் வெர்லினைப் பார்த்தார். அந்த மேசையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வெர்லின் சாப்பிட்டிருக்கிறார் என்று எனக்கே தெரியும். வெர்லின் அப்போது தொப்பியையும் போடவில்லை, முன்கட்டையும் கட்டவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் யார் என்று வில்மாவுக்கு எழுதத் தெரியவில்லை. அந்த இடம் குறிப்பில் இன்னும் காலியாக இருக்கிறது.

கடைசியில் ரஸ்ஸல் பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். வாய்ப்பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்கு வரட்டும். இருபத்தைந்து தப்படியில், பை சுடும் தகரத் தட்டு ஒன்று. ஐந்து குண்டு. தட்டில் பட்டால் மேம்பட்டது. படாவிட்டால் பழையபடி மட்டம்தான் என்று சங்கம் ஏற்றுக்கொள்ளும்.

"ஆக நான் குறி தவறினா வேட்டைக்குப் போகலாம்?" என்றார் ஹோபர்ட்.

"குறி தவறினாத்தான் போகலாம்."

"அங்க போய்?"

"அங்க போனப்புறம் உங்க சாமர்த்தியம்."

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்துவிட்டது. நான் காப்பிப் பாத்திரத்தோடு நின்றேன். அந்த அறிவிப்புக்குப் பிறகு முதல் முறையாக ஹோபர்ட் சிரித்த முகத்தோடு வந்தார். முந்தின நாள் முழுக்க யோசித்திருக்கிறார். தட்டுக்கு இடப்பக்கம், சரியாக ஒரு முழத்தில், ஒரு வேலிக் கம்பம். பழைய ரிவால்வராக இருந்தால் தட்டைக் குறி வைத்தால் குண்டு அந்தக் கம்பத்துக்குத்தான் போயிருக்கும். நேராகக் கம்பத்தையே குறி வைத்துவிட்டால் போயிற்று.

இரண்டு கையாலும் பிடித்தார். நாலு க்ளிக், நாலு முத்து. சுட்டார். தட்டு அசையவில்லை. கம்பத்திலிருந்து சிராய் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தும் கம்பம்.

"அதேதான்! ஒரு முழம் இடப்பக்கம்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "பழைய துப்பாக்கி மாதிரியே இருக்குது!" ஆள் ஆளுக்கு ஹோபர்ட்டின் முதுகில் தட்டினார்கள், நல்ல தோளாகப் பார்த்து. வில்மா தீர்மானத்தை எழுதி உரக்கப் படித்தாள்: "'பட்டறைக்காரர் வெர்லின் ஸ்ட்ரவுட் செய்த வேலையால் இந்த ஆயுதத்தில் எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை என்று சங்கம் மனமாரக் கண்டறிகிறது.'"

"என் ரிவால்வரையும் இந்த ஆளுதானே பண்ணினாரு?" என்றார் ரஸ்ஸல், பேனாவைத் திறந்துகொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லின் என்னிடம் வந்து கையை நீட்டினார். காப்பி கேட்கிறார் என்று நினைத்துக் கோப்பையை நிரப்பிக் கொடுத்தேன். அதை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, காலிக் கோப்பையோடு கம்பத்தை நோக்கி நடந்தார்.

ஹோபர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. பட்டறை வாசலில் கத்தின மனிதர் இங்கே மெதுவாகச் சொன்னார்: "வெர்லின். வேண்டாம்டா."

வெர்லின் கோப்பையின் வாயைக் கம்பத்தில், ஓட்டைகளின் மேல் வைத்து அழுத்தினார். ஐந்து ஓட்டையும் அதற்குள் மறைந்துபோயின.

"இவன் தட்டைப் பாக்கவே இல்லை" என்றார். குரல் நடுங்கியது, பெருமையில் என்றுதான் நான் நினைக்கிறேன். "ஆரம்பத்துலேர்ந்து கம்பத்தைத்தான் பாத்தான். மனசுக்குப் பிடிச்ச குறின்னா இவனோட இடது குதிகால் லேசா தூக்கும். முப்பது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு தப்படியில அஞ்சு குண்டு ஒரே கோப்பைக்குள்ள. இந்த ஊர்ல வேற யாருடைய வேலைக்கு இது வரும்? சொல்லுங்க!"

வில்மா எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்: மேம்பட்டது.

ஓர் எதிரிக்கு அந்தக் குதிகால் தெரிந்திருக்காது.

அனுமதி வெர்லினுக்குப் போயிற்று. வில்மா ஒரு மரியாதைக்காகக் கேட்டாள்: "உங்க ரிவால்வரையும் சோதிக்கணுமே? அதுல நீங்க விசை, உருளை, குழல் எல்லாம் மாத்தியிருக்கீங்க இல்லையா?"

"எல்லாத்தையும் மாத்தியிருக்கேம்மா" என்றார் வெர்லின், தொப்பியோடு. "கம்பெனிக்காரன் செஞ்ச பாகம் ஒண்ணுகூட மிச்சமில்லை. அதனால அதைச் செஞ்சவன் நான்தான். செஞ்சவன் கையிலேர்ந்து வந்தபடியேதான் இன்னும் இருக்கு. என் கையிலயே இருக்கு."

ரஸ்ஸல் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, சட்டத்தின் ஆன்மாவை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டவர் சங்க வரலாற்றில் இல்லை என்று பேசினார். பலத்த கைதட்டல்.

அக்டோபரில் வெர்லின் எல்க் சுட்டார். பெரிய கொம்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் மான் சுட்டவன் தொலைபேசியில் கூப்பிட்டால் இறைச்சியைச் சுமந்து வர நாலு பேர் போயே ஆக வேண்டும். பகை இருந்தாலும் போவார்கள். அன்று ரஸ்ஸலுக்கு இடுப்பு வலி. மற்றவர்களுக்கும் எங்கெங்கோ வலி. மேவிஸ்தான் போய்ச் சுமந்தாள், ஆறு நடை. அதன் பிறகு அவள் அவரோடு பேசியதை நான் கேட்கவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை.

மறுநாள் காலை ஹோபர்ட் வீட்டுப் படியில் ஒரு பொட்டலம் இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய முதுகுக்கறி, இருப்பதிலேயே நல்ல துண்டு. நூலில் ஓர் அட்டை. அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஹோபர்ட் கதவைத் திறந்தார், பார்த்தார், தாண்டிப் போனார். நாலு நாள் அது அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் காக்கை இனத்து மேக்பைப் பறவைகள் காகிதத்தைக் கிழித்துவிட்டன. மேவிஸ் துடைப்பத்தோடு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், பெருக்கிக்கொண்டு போனாள்.

குளிர்காலத்தில் பட்டறைக்கு ஆள் வரவில்லை. வெர்லினிடம் கொடுத்தால் மேம்பட்டுவிடும், மேம்பட்டால் புள்ளி போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். தெரிந்தவர்கள் சிலர் வந்து, "ரொம்ப நல்லா பண்ணிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அட்டையில் 'முன்பு போலவே' என்று எழுதச் சொன்னார்கள். அவர் பென்சிலை எடுப்பார், வைப்பார். எழுத வரவில்லை.

வசந்தத்தில் வீட்டை விற்றார்கள். சாமான் வண்டி வந்த அன்று மதியம் ஹோபர்ட் தன் பின்படியில் உட்கார்ந்து, காலி ரிவால்வரின் சுத்தியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தினமும் செய்வதுதான். அதை விற்றுவிடுங்களேன் என்று நான் ஒரு தடவை சொன்னபோது, "இந்த மாதிரி ஒரு விசையை என் வாழ்க்கையில நான் தொட்டதில்லை" என்று மட்டும் சொன்னார்.

வண்டியில் ஏறப்போன வெர்லின் நின்றார். காதைச் சாய்த்தார். என் பூப்பாத்தியைத் தாண்டி, அந்த வருடம் உண்மையாகவே களை இருந்த பாத்தி அது, ஹோபர்ட்டின் வேலி ஓரம் வந்தார்.

"நாலாவது க்ளிக் கொஞ்சம் லேட்டா விழுது" என்றார். "உள்ள ஒரு சின்ன வில்லு தேஞ்சிருக்கும். குடு. அஞ்சு நிமிஷ வேலை. டூல் பெட்டி மேலாப்பலதான் இருக்கு."

ஹோபர்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேக்கறது யாரு?" என்றார். "கடைக்காரரா, தலைவரா?"

வெர்லின் தன் கைகளைப் பார்த்தார். இரண்டு கையும் வேலி மேல் இருந்தன. ஒன்றில் தொப்பி இல்லை, ஒன்றில் முன்கட்டு இல்லை. மேவிஸ் வண்டியில் ஹாரன் அடித்தாள், ஒரு தடவை, நீளமாக. அவர் போய்விட்டார்.

அவர்கள் அரிசோனாவில் மகள் வீட்டுப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அங்கே மேவிஸ் தனி அறையில் இருப்பதாகவும் கேள்வி. அதைச் சொன்னது யார் என்று சொல்ல மாட்டேன். வில்மா அடுத்த ஜூனில் ரஸ்ஸலைக் கல்யாணம் செய்துகொண்டு மிசூலாவுக்குப் போய்விட்டாள். படிவம் நிரப்பித்தான் செய்துகொண்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். வெர்லின் வீட்டை வாங்கியவர்கள் கலிபோர்னியாக்காரர்கள், பட்டறையில் தக்காளி வளர்க்கிறார்கள். சுவரில் ஹோபர்ட் பெயருக்கு எதிரே இப்போது ஒரு புள்ளி.

அவர் எங்கேயும் போகவில்லை. மதியங்களில் பின்படியில் உட்கார்ந்து இழுக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் கொஞ்சம் பொறுத்து நாலு. முன்னெல்லாம் எனக்கு அந்த வித்தியாசம் கேட்டதே இல்லை. இப்போது அந்த நாலாவதற்காகக் களைக்கொட்டைக் கையில் பிடித்தபடி நானும் நிற்கிறேன்.